பகட்ஸ்கிஸ்: கோடைக்காலப் பயிற்சியாளரா?

கேள்வி (பிப்ரவரி 3, 2025)

"லாத்வியாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அய்னார்ஸ் பகட்ஸ்கிஸ் பத்தி ஒரு சந்தேகம் அண்ணே. தேசிய அணின்னா ஜொலிக்கிறார், கிளப்புன்னா பருவம் முடியறதுக்குள்ள பெட்டியைக் கட்டுறார். 2017 யூரோபாஸ்கெட்ல, அதான் ஐரோப்பிய நாடுகளோட கோப்பையில, லாத்வியாவை அஞ்சாவது இடத்துக்குக் கொண்டு போன அதே ஆளை 2019 ஜனவரியில ஜெர்மன் கிளப் பாம்பெர்க் பாதியில மாத்திடுச்சு. இவர் நிஜமாவே நல்ல பயிற்சியாளரா, இல்ல எல்லாம் அவங்க நட்சத்திர வீரர் போர்ஜிங்கிஸ் தயவா?"

பிப்ரவரி 3, இரவு

பாதி சரி, பாதி தப்பு. போர்ஜிங்கிஸ் தயவு என்கிற பாதிதான் தப்பு.

2011 யூரோபாஸ்கெட்டில் லாத்வியாவுக்கு 21-வது இடம். அடுத்த மூன்று போட்டிகளிலும் பகட்ஸ்கிஸ்தான் பயிற்சியாளர். 2013-இல் 11, 2015-இல் 8, 2017-இல் 5. இதில் 2015 அணியில் போர்ஜிங்கிஸ் கிடையாது. அந்தக் கோடையில்தான் என்பிஏவின் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) புதுவீரர் தேர்வில் நியூயார்க் நிக்ஸ் அவரை 4-வது ஆளாக எடுத்திருந்தது. அவர் இல்லாமலேயே கால் இறுதி வரை போனார்கள். அங்கே பிரான்ஸ் 84-70 என்று வீட்டுக்கு அனுப்பியது வேறு கதை.

பேரில்தான் பகட்டு, ஆட்டத்தில் இல்லை என்று ஒரு வரி எழுதி அழித்தேன். மறுபடி எழுதுகிறேன், வீணாகப் போக வேண்டாம்.

பிப்ரவரி 4

ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். பகட்ஸ்கிஸ் 1967-இல் பிறந்தவர். சோவியத் காலத்தில் வளர்ந்து, நாடு தனியானபோது 24 வயது. இந்தத் தலைமுறைக்கு ஒரு சங்கடம் உண்டு. பயிற்சி எல்லாம் ஒரு நாட்டு முறையில், சம்பாத்தியம் எல்லாம் வேறு நாட்டுச் சந்தையில். அதே 1967-இல் பிறந்த இன்னொருவர் குந்தார்ஸ் வேத்ரா. 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணிக்கு ஆடினார். அரை இறுதியில் குரோவேஷியாவிடம் 74-75, வெண்கலத்துக்கு லித்துவேனியாவிடம் 78-82. பதக்கம் இல்லாமல் திரும்பியவர் அதே ஆண்டு மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸில் சேர்ந்தார். என்பிஏவில் ஆடிய முதல் லாத்வியர். பின்னாளில் அவரும் பயிற்சியாளர்தான்.

அவர் என்பிஏ கணக்கு: 13 ஆட்டம், 89 நிமிடம், 45 புள்ளி. ஆட்டத்துக்கு 7 நிமிடம்கூட இல்லை. 'அவ்வளவுதானா' என்று சிரிக்க வேண்டாம். 89 நிமிடத்தில் 45 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஆடவிட்டபோது போட்டார். விடத்தான் இல்லை. அந்தப் பருவத்தில் அணியே 19 வெற்றி, 63 தோல்வி.

பிப்ரவரி 4, பிற்பகல்

வேத்ராவை ஏன் இழுத்தேன் என்றால், கோட்டின் தூரத்துக்காக. ஐரோப்பாவில் மூன்று புள்ளிக் கோடு அப்போது 6.25 மீட்டர். என்பிஏவில் வளைவில் 7.24. ஒரு மீட்டர் வித்தியாசம். கை ஒன்றுதான், ஆனால் பந்து கிளம்பும் வேகம், முழங்கால் மடிப்பு, பந்தின் வளைவு மூன்றையும் மாற்ற வேண்டும். பத்தாயிரம் முறை பழகிய உடம்பு ஒரு மாதத்தில் மாறாது. மாற்றப் பார்த்தால் முதலில் கெடுவது பக்கவாட்டுக் குறி இல்லை, தூரக் குறி. பந்து நேராகத்தான் போகும், வளையத்தின் முன் விளிம்பில் அடித்துத் திரும்பும். முன் விளிம்பில் அடிக்கிறதென்றால் கால் பலம் போதவில்லை என்று அர்த்தம். அதற்குக் கையைத் திருத்தப் போனால் இருப்பதும் போகும்.

பகட்ஸ்கிஸ் வெளியிலிருந்து சுடும் (கூடைக்குப் பந்தை எறியும்) விங், அதாவது பக்கவாட்டு வீரர். அவர் கை பழகியதெல்லாம் அந்த 6.25-இல். உலகக் கூட்டமைப்பு (ஃபீபா) கோட்டை 6.75-க்குத் தள்ளியது 2010-இல்தான், மூலையில் 6.60. அவர் தேசிய அணியை நடத்தியது புதிய கோட்டில். தன் கைக்குத் தெரியாத தூரத்தைப் பிறருக்குச் சொல்லித் தர வேண்டிய நிலை.

பிப்ரவரி 5

'அரை மீட்டர் தள்ளினால் என்ன பெரிய வித்தியாசம்' என்று கேட்டிருக்கிறார்கள்.

சுடுபவருக்கு வித்தியாசம் கொஞ்சம். தடுப்பவருக்குத்தான் நிறைய. உதவிக்கு உள்ளே வந்த தடுப்பாளர் வளையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். பந்து வெளியே போனதும் அவர் கோட்டுக்கு ஓட வேண்டும். முன்பு 4.25 மீட்டர், இப்போது 4.75. ஓடினால் மட்டும் போதாது, கடைசி இரண்டு எட்டில் வேகத்தைக் குறைத்துக் கையைத் தூக்கி நிற்க வேண்டும். குறைக்காமல் வந்தால் சுடுபவர் பந்தைத் தூக்குவது போல் காட்டி ஒரு தட்டு தட்டிக் கடந்து போய்விடுவார். குறைத்தால் நேரம் போய்விடும். அந்த அரை மீட்டரில்தான் லாத்வியா மாதிரி அணிகள் பிழைக்கின்றன. மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவான நாடு. உடல்பலத்தில் செர்பியாவோடு மோத முடியாது, தூரத்தில் மோதலாம்.

பிப்ரவரி 5, இரவு

ஒரு திருத்தம். மேலே '2017-இல் 5' என்று எழுதியதைப் படித்து, 'ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் யாரை வென்றார்கள்' என்று ஒருவர் கேட்டார். அப்படி ஒரு ஆட்டமே நடக்கவில்லை. 2017-இல் 5 முதல் 8 வரை இடம் பிரிக்கும் ஆட்டங்களை எடுத்துவிட்டார்கள். கால் இறுதியில் தோற்ற நால்வரில் லாத்வியாவின் கணக்கு நன்றாக இருந்தது. 7 ஆட்டத்தில் 5 வெற்றி. அதனால் ஐந்தாவது.

கேட்டவர் குழப்பிக்கொண்டது 2023 உலகக் கோப்பையோடு. அங்கே நிஜமாகவே ஐந்தாம் இட ஆட்டம் உண்டு. லித்துவேனியாவை 98-63 என்று நொறுக்கினார்கள், ஆர்தூர்ஸ் ஜகார்ஸ் 17 அசிஸ்ட் (கூடைக்கு வழி செய்த பாஸ்), அது உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கான சாதனை. ஆனால் அப்போது பயிற்சியாளர் இத்தாலியரான லூகா பாங்கி. பகட்ஸ்கிஸ் இல்லை. பாங்கி, பகட்ஸ்கிஸ்: இரண்டும் 'ப'வரிசை, இரண்டும் ஐந்தாம் இடம். குழப்பம் வரத்தான் செய்யும்.

பிப்ரவரி 6

பேர் பற்றி ஒரு கிளைக் கேள்வி: 'ஏன் எல்லாருக்கும் பின்னால் ஒரு ஸ்?' லாத்விய மொழியில் ஆண்பால் எழுவாய்க்கு அப்படியொரு விகுதி. வெளிநாட்டார் பேரையும் விடமாட்டார்கள், மைக்கேல் ஜோர்டனும் அங்கே 'மைக்ல்ஸ் ஜோர்டன்ஸ்'தான். நம் முருகன் அங்கே போய் ஆடினால் சட்டையில் 'முருகன்ஸ்' என்று கடை போர்டு மாதிரி அச்சடிப்பார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

பிப்ரவரி 8

2017-இன் கால் இறுதி, இஸ்தான்புல், செப்டம்பர் 12. ஸ்லோவேனியா 103, லாத்வியா 97. கேள்விக்கு விடை இந்த ஓர் ஆட்டத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

97 புள்ளி போட்ட அணியின் தாக்குதலைக் குறை சொல்ல முடியாது. 40 நிமிட ஆட்டத்தில் 97 என்பது யூரோபாஸ்கெட் கால் இறுதியில் பெரும்பாலும் வெல்லும் எண். போர்ஜிங்கிஸ் மட்டும் 34. ஓட்டை பின்பக்கம். ஸ்லோவேனியாவின் கோரான் டிராகிச் 26, பதினெட்டு வயது லூகா டோன்சிச் 27. இருவரும் சேர்ந்து 53, அணியின் புள்ளியில் பாதிக்கு மேல். பந்தைக் கையில் வைத்து ஆடும் இருவர் பாதியைப் போட்டால், பிக் அண்ட் ரோலில், அதாவது ஒருவர் மறைப்புக் கொடுத்து இன்னொருவர் ஆடும் ஆட்டத்தில், தடுப்பு உடைந்தது என்றுதான் பொருள்.

அதே போட்டியில் ரஷ்யாவை 84-69, மொன்டெனேக்ரோவை 100-68 என்று வென்றார்கள். தோற்ற இரண்டிலும், செர்பியாவிடம் 92, ஸ்லோவேனியாவிடம் 103 விட்டார்கள். நல்ல கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாத அணி வந்தால் 70-க்குள் நிறுத்துகிறார்கள், இருந்தால் 90 தாண்டுகிறது.

பிப்ரவரி 8, பின்னிரவு

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ரஷ்யாவுக்கு அலெக்சேய் ஷ்வெட் இருந்தார், அந்தப் போட்டியில் அதிகம் புள்ளி குவித்தவர்களில் ஒருவர். 'நல்ல கார்டு இல்லாத அணி' என்றது தப்பு. ஒரு கார்டு என்றால் சமாளித்தார்கள், ஒரே நேரத்தில் இருவர் என்றால் திணறினார்கள் என்று மாற்றிக்கொள்கிறேன். ஒருவர் என்றால் அவர் மேல் இரண்டு பேரை ஏவிப் பந்தை வேறு கைக்குத் தள்ளலாம். அந்த வேறு கை டோன்சிச்சுடையது என்றால் என்ன செய்வது?

பிப்ரவரி 9

'பிக் அண்ட் ரோல் உடைந்தது என்கிறீர்கள், எப்படி உடையும், சாதாரணமாகச் சொல்லுங்கள்' என்றவருக்கு.

பந்து வைத்திருக்கும் கார்டுக்கு உயரமான ஆள் ஒருவர் வந்து தூண் மாதிரி நின்று மறைப்புக் கொடுக்கிறார். கார்டைத் தடுப்பவர் அந்தத் தூணில் இடிக்கிறார். இப்போது உயரமானவரைத் தடுக்கும் பெரிய ஆள், லாத்வியாவுக்கு அது 2.21 மீட்டர் போர்ஜிங்கிஸ், என்ன செய்ய வேண்டும்? மூன்று வழி.

ஒன்று, பின்னால் இறங்கி நிற்பது. மறைப்புக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே வளையத்தைக் காத்து நிற்பார். கார்டைத் தடுப்பவர் மறைப்புக்கு மேல்பக்கமாகச் சுற்றி ஓடி வந்து முதுகிலிருந்து நெருக்க வேண்டும். வளையம் பத்திரம். ஆனால் நடுவில் ஓர் அறை காலி. டிராகிச் மாதிரி அந்தக் காலி அறையில் சட்டென்று நின்று சுடுபவருக்கு அது வாசற்படி மாதிரி. போதாததற்கு டிராகிச் இடக்கைக்காரர். தடுப்பாளர்கள் வலக்கைக்காரரை இடப்பக்கம் தள்ளியே பழகியவர்கள். பழக்க தோஷத்தில் அப்படித் தள்ளினால் அவருக்குப் பிடித்த பக்கத்துக்கே வழிவிட்டதாகும்.

இரண்டு, வெளியே பாய்ந்து கார்டை மறிப்பது. பாய்ந்தவர் திரும்பி ஐந்தாறு மீட்டர் ஓடித் தன் ஆளைப் பிடிக்க வேண்டும். அது வரை பின்னால் மூன்று பேர் நால்வரைக் காக்கிறார்கள். 2.21 மீட்டர் உடம்பை முப்பது நிமிடம் இப்படி முன்னும் பின்னும் ஓடவிட்டால், கடைசிக் கால் பகுதியில் அவர் சுடும் பந்தே வளையத்தை எட்டாது. முன் விளிம்பு விஷயம் மேலே சொன்னேனே, அதேதான்.

மூன்று, ஆள் மாற்றிக்கொள்வது. பெரியவர் கார்டைப் பிடிப்பார், சிறியவர் உயரமானவரைப் பிடிப்பார். ஸ்லோவேனியாவின் உயரமானவர் ஆண்டனி ராண்டால்ஃப், 2.11 மீட்டர். அவர் முதுகில் 1.90 ஆள் ஒருவரை ஒட்டவைத்தால் பந்து மேலே போகும், கதை முடிந்தது.

மூன்றுமே ஓட்டை. பயிற்சியாளர் வேலை எந்த ஓட்டையை எந்த நேரத்தில் திறந்துவைப்பது என்று தேர்ந்தெடுப்பது. தேசிய அணியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட நேரம் கிடைக்காது. ஒன்றை நன்றாகப் பழக்கி, இன்னொன்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் கைக்கு அடங்கும். சிலாகிக்க வேண்டியது ஸ்லோவேனியாவை. அந்தப் போட்டியில் 9-க்கு 9 வென்று கோப்பை வாங்கிய அணி அது. அவர்களிடம் ஆறு புள்ளியில் தோற்றது அவமானம் இல்லை. அரை இறுதியில் ஸ்பெயினே 72-92 என்று இருபது புள்ளியில் தோற்றது.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

இன்னொன்றும் உண்டு. கால் இறுதிக்கு முன் ஸ்லோவேனியா 9-ஆம் தேதி ஆடியது, லாத்வியா 10-ஆம் தேதி. இரண்டு நாள் ஓய்வுக்கு எதிரே ஒரு நாள் ஓய்வு. மேலே சொன்ன ஓட்டமெல்லாம் ஓடவேண்டிய ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்கிறேன்.

பிப்ரவரி 11

'அப்போ தடுப்பாட்டத்துக்குத் தனியாக ஒரு வாத்தியாரை வைத்திருக்கலாமே?'

வைக்கலாம், வைப்பார்கள். ஆனால் தேசிய அணியின் கோடை எப்படிப் போகும் என்று பாருங்கள். யூரோபாஸ்கெட் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ தொடங்கும். முகாம் ஜூலை கடைசியில். கையில் ஐந்து வாரம். முதல் வாரம் உடல் தயாரிப்பு, ஏனென்றால் லீக் முடிந்து சிலர் இரண்டு மாதமாகப் பந்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். என்பிஏ கிளப்புகள் தங்கள் ஆள் எத்தனை நிமிடம் ஆடலாம் என்று தலையிடும். பிறகு நட்பு ஆட்டங்கள். அவற்றுக்கான பயண நாட்களில் பயிற்சி பாதியாகிவிடும். கடைசியில் 12 பேர் பட்டியல், மூன்று நான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஒரு நாள் அதற்கே போகும். கழித்துப் பார்த்தால் முழு அணியோடு ஒழுங்கான பயிற்சி இருபது இருபத்தைந்துதான் தேறும்.

இருபத்தைந்து பயிற்சியில் தடுப்பாட்டம் ஒட்டாது. அது ஐந்து பேர் ஒரே கயிற்றில் கட்டினாற்போல் நகர்வது. ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் நால்வர் உழைப்பும் போச்சு. தாக்குதல் ஒட்டும், அதுவும் சுடும் ஆட்கள் இருந்தால். சுடும் கை ஏற்கெனவே கிளப்பிலும் விளையாட்டுப் பள்ளியிலும் பழகி வந்தது. பயிற்சியாளர் அதற்கு இடம் மட்டும் பிரித்துத் தந்தால் போதும். பகட்ஸ்கிஸ் ஏன் தேசிய அணியில் ஜொலித்தார் என்பதற்கு இதுதான் என் விளக்கம். அவருக்குத் தெரிந்த வித்தை ஐந்து வாரத்தில் பலிக்கிற வித்தை.

பிப்ரவரி 12

இடம் பிரித்துத் தருவது என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். கொஞ்சம் பிரிக்கிறேன்.

உலகக் கூட்டமைப்பு விதியில் தடுப்பாளர் வளையத்தடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம், என்பிஏவில் இருக்கும் தடுப்பு மூன்று நொடி விதி இங்கே இல்லை. ஆகவே உள்ளே எப்போதும் நெரிசல். அதைக் கலைக்க ஐந்து பேரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது ஒரு வழி. ஐந்தாவது ஆளும் சுடத் தெரிந்தவராக இருந்தால்தான் பலிக்கும். போர்ஜிங்கிஸ் அங்கேதான் பொன். அவரைத் தடுக்கும் 2.10 ஆள் வளையத்தை விட்டு ஏழு மீட்டர் வெளியே வந்தாக வேண்டும்.

அடுத்து லாத்வியாவின் இன்னொரு சுடும் கை, டாவிஸ் பெர்டான்ஸ். வலக்கையில் மோதிர விரல் முழுதாக இல்லாதவர், சிறு வயதில் ரம்பத்தில் போனது. அந்தக் கையால்தான் சுடுகிறார். இவருக்குப் பந்து கொடுப்பது தனிக் கலை. மூலையிலிருந்து கிளம்பி, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மறைப்புகளை உரசிக்கொண்டு மேலே வருவார். அவரைத் தடுப்பவர் பின்னாலேயே துரத்தினால் உள்ளே வளைந்து வெட்டுவார். குறுக்கு வழியாக மறைப்புக்குக் கீழே போனால் எதிர்ப்பக்கம் விலகி வெளியே நிற்பார். எது என்று முடிவு செய்வது பெர்டான்ஸ் இல்லை, தடுப்பவரின் கால். பந்து தருபவர் அந்தக் காலைப் பார்த்துத்தான் எறிய வேண்டும், பெர்டான்ஸ் முகத்தைப் பார்த்து அல்ல. இங்கேதான் பெரும்பாலும் கெடும். கார்டு ஆளைப் பார்த்து எறிவார், பந்து ஒரு கை அகலம் பின்னால் போகும், வாங்கியவர் இடுப்பைத் திருப்பிப் பிடிப்பார். அந்தத் திருப்பத்தில் கால் நொடி போய்விட்டது, தடுப்பவர் வந்துவிட்டார். பந்து மார்புக்குச் சற்றுக் கீழே, சுடும் கைப் பக்கம் வந்து விழ வேண்டும். கால்கள் பந்துக்கு முன்பே ஊன்றியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 14

கிளப் பக்கம். கேள்வி கேட்டவர் பாம்பெர்க்கை மட்டும் பார்த்தார். 2018-19 பருவத்தின் நடுவில் அவரை மாற்றி உதவியாளர் ஃபெடெரிகோ பெரேகோவிடம் கொடுத்தார்கள், அடுத்த மாதமே அணி ஜெர்மன் கோப்பையை வென்றது. பார்க்க மோசமாகத்தான் இருக்கும். அதற்கு முன் 2017-இல் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ். அங்கே அந்த ஒரே பருவத்தில் பயிற்சியாளர் நாற்காலி சுழன்றுகொண்டே இருந்தது, அதில் இவரும் ஒருவர். அதை வைத்து யாரையும் எடைபோடுவது நியாயமில்லை.

மறுபக்கம், ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கரோட், 2014-15. ஐரோப்பாவின் முதல்தரக் கிளப் போட்டியான யூரோலீக்கில் அந்த கிளப்புக்கு அதுதான் முதல் தடவை. பெரிய பணக்கார அணி இல்லை. முதல் சுற்றைத் தாண்டிக் கடைசி 16-க்குப் போனார்கள். அந்தப் பருவத்தில் யூரோலீக்கில் அதிகப் புள்ளி சராசரிக்கான விருதை வாங்கிய டெய்லர் ரோசெஸ்டி அவருடைய கார்டுதான். ட்ரே தாம்ப்கின்ஸ் அங்கிருந்துதான் ரியல் மாட்ரிட் போனார். ஒரு பயிற்சியாளரை அளக்க எனக்குப் பிடித்த கோல் இது. அவரிடமிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்?

அதற்கும் முன் கீவ் நகரின் புடிவெல்னிக். 2013-14-இல் அவர்களுக்கும் யூரோலீக் அறிமுகம். இரண்டு கிளப்பை முதன்முதலாக யூரோலீக் தளத்தில் ஆட வைத்தவரைக் 'கிளப்பில் தேறாதவர்' என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்தால் நானே என் 'ஐந்து வார வித்தை' விளக்கத்தை உடைத்துவிட்டது தெரிகிறது. நிஸ்னியில் பத்து மாதம் இருந்ததே, அங்கே எப்படி ஓடியது?

ஒட்டவைக்கப் பார்க்கிறேன். நிஸ்னி, கீவ் இரண்டிலும் எதிர்பார்ப்பு குறைவு. 80 கொடுத்து 85 போட்டால் ஊரே கொண்டாடும். மக்காபியிலும் பாம்பெர்க்கிலும் கோப்பை எதிர்பார்ப்பார்கள். 80 கொடுத்து 85 போட்டாலும், ஏன் 80 கொடுத்தாய் என்பார்கள். வென்றால் போதும் என்கிற இடத்தில் ஜொலிக்கிறார், எப்படி வென்றாய் என்று கேட்கிற இடத்தில் சிக்கல். இதுவும் முழுசாகத் திருப்தி இல்லை. ஆனால் கோடை, குளிர்காலம் என்று பிரித்ததைவிட இது பரவாயில்லை.

பிப்ரவரி 15, மாலை

வீரராக என்ன சாதித்தார் என்று இன்னொருவர். 2001 யூரோபாஸ்கெட், துருக்கி. லாத்வியா 94, லித்துவேனியா 76. முந்தைய ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, அரை இறுதியில் அமெரிக்காவை இரண்டு புள்ளி வித்தியாசம் வரை கொண்டுபோன லித்துவேனியாவை, கூடைப்பந்தை மதம் மாதிரி வைத்திருக்கும் அந்தப் பக்கத்து நாட்டை, 18 புள்ளியில். லாத்விய அணியில் 34 வயது பகட்ஸ்கிஸ். கடைசியில் 8-வது இடம். பின்னாளில் பயிற்சியாளரான ராபர்ட்ஸ் ஷ்டெல்மாகர்ஸும் அதே தலைமுறை.

இந்த வயதுக்காரர்கள் இரண்டு ஆட்டம் ஆடியவர்கள். 2000 வரை உலகக் கூட்டமைப்பு விதியில் 30 நொடிக் கடிகாரம், இருபது நிமிடமாக இரண்டு பாதி. அந்த ஆண்டு 24 நொடி, பத்து நிமிடமாக நான்கு பகுதி என்று மாற்றினார்கள். ஆறு நொடி போனதில் எது செத்தது தெரியுமா? இரண்டாவது யோசனை. முதல் திட்டம் அடைபட்டால் பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி தொடங்க நேரமிருந்தது, அது போயிற்று. இனி முதல் திட்டத்துக்குள்ளேயே இரண்டாவது வழி மறைந்திருக்க வேண்டும். மேலே பெர்டான்ஸுக்குச் சொன்னது அதுதான், ஒரே ஓட்டத்தில் இரண்டு கதவு. 33 வயதில் இந்த மாற்றத்தைக் காலால் அனுபவித்தவர் அதைப் பலகையில் வரைவதற்கும், 24 நொடியில் பிறந்து வளர்ந்தவர் வரைவதற்கும் வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது.

பிப்ரவரி 18

'லாத்வியாவில் பெரிய வீரர் என்றால் வால்திஸ் வால்தெர்ஸ்தானே, அவரை விட்டுவிட்டு' என்று கோபித்திருக்கிறார்கள். கோபம் நியாயம். 1981 யூரோபாஸ்கெட்டின் சிறந்த வீரர். 1986 மாட்ரிட் உலகக் கோப்பை அரை இறுதியில், சோவியத்துக்கு எதிராக யூகோஸ்லாவியா கடைசி நிமிடத்தில் 85-76 என்று முன்னால். சோவியத்தின் சபோனிஸ் ஒரு மூன்று, திகோனென்கோ ஒரு மூன்று. அப்போதைய விதிப்படி ஃப்ரீ த்ரோவை விட்டுக்கொடுத்துப் பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், யூகோஸ்லாவியா அப்படியே செய்தது. பந்து பத்திரம் என்று கணக்கு. அந்த அணியின் 18 வயது திவாட்ஸ் பந்தைத் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டிவிட்டார். டபுள் டிரிபிளிங் என்ற தப்பு. பந்து சோவியத்துக்கு. வால்தெர்ஸ் மூன்று போட்டு 85-85. கூடுதல் நேரத்தில் 91-90.

மூன்று புள்ளிக் கோடு உலகக் கூட்டமைப்பு விதியில் வந்ததே 1984-இல். இரண்டு வருடம் முன்னால் என்றால் அந்த மூன்று கூடையும் ஆறு புள்ளிதான், ஒன்பது இல்லை. 82-85 என்று தோற்றிருப்பார்கள். லாத்வியர்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள உறவு பகட்ஸ்கிஸுக்கு முன்பே தொடங்கியது.

பிப்ரவரி 18, இரவு

அதே வால்தெர்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 1980-இல் அணியில் இல்லை, 1984-இல் சோவியத் புறக்கணிப்பு, 1988-இல் தேர்வாகவில்லை. 88-இல் தங்கம் வாங்கிய அணியில் பாயின்ட் கார்டு இடத்தில் இருந்த லாத்வியர் இகோர்ஸ் மிக்லினியெக்ஸ். விலகிப் போகிறேன், திரும்புகிறேன்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "சரிண்ணே, போர்ஜிங்கிஸ் தயவு இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா லாத்வியாவே சுடுற நாடுதானே? யார் உட்கார்ந்தாலும் நடந்திருக்கும்ல? 2023-ல பாங்கியும் அஞ்சாவதுதானே?"

நல்ல அடி. இதற்குப் பதில் லாத்வியாவில் இல்லை, உக்ரைனில் இருக்கிறது. பின்னர் அவர் உக்ரைன் தேசிய அணியை எடுத்தார். 2022 பிப்ரவரியில் போர். உள்ளூர் லீக் நின்றது, வீரர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். உள்ளூரில் ஆட முடியாததால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் 'சொந்த ஊர்' ஆட்டங்களை எங்கே நடத்தினார்கள் தெரியுமா? ரீகாவில். பயிற்சியாளரின் நாட்டுத் தலைநகர், அணிக்குத் தற்காலிக ஊர்.

அந்த ஆண்டு யூரோபாஸ்கெட், மிலான் குழு. பிரிட்டனை 90-61, எஸ்தோனியாவை 74-73. பிறகு இத்தாலியை அதன் சொந்த மண்ணில் 84-73. குரோவேஷியாவிடமும் கிரீஸிடமும் தோற்று அடுத்த சுற்றுக்குப் போய், பெர்லினில் போலந்திடம் 86-94. உக்ரைன் அணியில் சுடுவதற்கு பெர்டான்ஸ் மாதிரி ஆள் இல்லை. சுடுவதற்கு மிகைலியுக் ஒருவர், உயரத்துக்கு அலெக்ஸ் லென். அதை வைத்து மூன்று வெற்றி.

பிப்ரவரி 20, பத்து நிமிடம் கழித்து

கவனித்தீர்களா, இத்தாலியை 73-இல், எஸ்தோனியாவை 73-இல், பிரிட்டனை 61-இல் நிறுத்தியிருக்கிறார். தடுப்பாட்டம் ஐந்து வாரத்தில் ஒட்டாது என்று பிப்ரவரி 11-இல் பெரிதாக எழுதினேன். அந்த வரியை வெட்டாமல் விடுகிறேன், படிப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் போலந்திடம் 94, கிரீஸிடம் 99. இரண்டும் நல்ல கார்டுகள் உள்ள அணிகள். கிரீஸுக்கு அதோடு என்பிஏ நட்சத்திரம் யானிஸும் உண்டு. அந்த ஓட்டை மட்டும் நாடு மாறியும் கூடவே வந்திருக்கிறது.